ஆள்மாறாட்டக் குற்றத்தின் சட்ட வரலாறு

ஆள்மாறாட்டத்தில் பாதிக்கப்படுபவர்கள் இருவர். வந்தவர் இன்னார் என்று நம்பிப் பணத்தையோ சொத்தையோ கொடுத்து ஏமாந்தவர் ஒருவர். தம் பெயரும் கையெழுத்தும் தமக்கே தெரியாமல் பயன்படுத்தப்பட்டவர் இன்னொருவர். சட்டம் நெடுங்காலம் முதலாமவரை மட்டுமே கண்டது. இரண்டாமவர் வழக்கில் சாட்சியாக வரலாம். பல வழக்குகளில் அதற்குக்கூட அவர் தேவைப்படவில்லை. அடையாளத்தைப் பறிகொடுத்தவரும் பாதிக்கப்பட்டவரே என்று சட்டப் புத்தகத்தில் ஏறி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. சட்டம் அங்கே வந்து சேர்ந்த வழியின் பெரும்பகுதி இந்தியா வழியாகப் போகிறது என்பதால், தமிழ் வாசகர்களுக்கும் இந்த வரலாறு நெருக்கமானது.

ஆவணங்கள் பரவாத காலத்தில் ஒருவர் யார் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். ஊரே குழம்பிப்போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் தென்பகுதியில் பிரனீஸ் மலையடிவாரத்தில் நடந்த வழக்கு பெயர்பெற்றது. ஆர்த்திகா என்ற சிற்றூரைச் சேர்ந்த மார்ட்டின் கெர், தந்தையிடம் தானியம் திருடியதாகப் பழி வந்ததும் 1548இல் மனைவியையும் குழந்தையையும் விட்டு ஊரைவிட்டுப் போனார். 1556இல் ஒருவர் வந்து, தாமே மார்ட்டின் என்றார். மனைவி ஏற்றுக்கொண்டார், உறவினர் ஏற்றுக்கொண்டனர், ஊரும் ஏற்றுக்கொண்டது. சொத்துக் கணக்கில் சித்தப்பாவோடு தகராறு வந்த பிறகே அவர் உண்மையில் ஆர்னோ து தில் என்ற வேற்றூர்க்காரர் என்று வழக்கு எழுந்தது. ஏறத்தாழ 150 பேர் சாட்சி சொன்னார்கள். இவர்தான் என்றவர்களும் இவரல்லர் என்றவர்களும் இருந்தனர். எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றவர்களே பெருங்குழு. ஊர்ச் செருப்புத் தொழிலாளி ஒருவர், பழைய மார்ட்டினின் கால் இதைவிடப் பெரிது என்றார். துலூஸ் நகர மேல்நீதிமன்றம் வந்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லவிருந்த நேரத்தில், போரில் ஒரு காலை இழந்து மரக்காலோடு உண்மையான மார்ட்டின் வந்து நின்றார். 1560 செப்டம்பரில் ஆர்னோ தூக்கிலிடப்பட்டார். அந்த நீதிபதிகளில் ஒருவரான ழான் த கோராஸ் மறு ஆண்டே வழக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தண்டனைக்குக் காட்டப்பட்ட காரணங்களில் பிறர் பெயரையும் ஆளையும் பூண்ட ஏமாற்றும் இருந்தது, பிறன்மனை புகுந்ததும் இருந்தது.

இங்கிலாந்தில் ஆள்மாறாட்டத்துக்கு என்று பொதுவான சட்டம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கிடையாது. அரசுப் பணமும் வங்கிப் பணமும் கைமாறும் இடங்களுக்கு மட்டும் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. கடற்படை மாலுமிகள் ஆண்டுக்கணக்கில் கடலில் இருப்பார்கள். அவர்களுடைய சம்பளம் பாக்கியாகச் சேர்ந்துகொண்டே போகும். வாங்க வருபவரின் முகம் சம்பள அலுவலகத்துக்குத் தெரியாது. ஆகவே மாலுமியின் பெயரைச் சொல்லி அவர் சம்பளத்தை வாங்குவதற்கு 18ஆம் நூற்றாண்டுச் சட்டம் மரண தண்டனை விதித்தது. கருவூலம் எங்கே ஓட்டையாக இருந்ததோ அங்கே மட்டும் சட்டம் அடைப்பு வைத்தது.

பொதுவான வரையறை முதலில் வந்தது இந்தியாவுக்குத்தான். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் கொடுத்த வரைவிலிருந்து உருவான இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 416ஆம் பிரிவு ஆள்மாறாட்ட மோசடியை வரையறுத்தது: ஒருவர் தம்மை வேறொருவராகக் காட்டியோ, ஓர் ஆளுக்குப் பதில் இன்னோர் ஆளைத் தெரிந்தே நிறுத்தியோ, தாமோ பிறரோ உண்மையில் யாரோ அவரல்லர் என்று காட்டியோ ஏமாற்றுவது. தண்டனை, 419ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதோடு, அரசு ஊழியராக நடிப்பது, நீதிமன்ற நடவடிக்கையில் வேறொருவராக நின்று வாக்குமூலம் கொடுப்பது, ஜூரியாக ஆள்மாறி அமர்வது ஆகியவற்றுக்கும் தனிப் பிரிவுகள் இருந்தன.

416ஆம் பிரிவுக்குச் சட்டத்திலேயே கொடுத்துள்ள இரண்டு எடுத்துக்காட்டுகள் கவனித்துப் படிக்க வேண்டியவை. முதலாவதில், ஒருவர் தம் பெயரையே கொண்ட பணக்கார வங்கியாளராகத் தம்மைக் காட்டி ஏமாற்றுகிறார். அங்கே அவர் சொல்லும் பெயர் அவருடைய சொந்தப் பெயர்தான். இரண்டாவதில், இறந்துபோன ஒருவராக நடிக்கிறார். இவற்றுக்கு மேல் ஒரு விளக்கமும் உண்டு: பாவனை செய்யப்பட்டவர் மெய்யானவராக இருந்தாலும் கற்பனையானவராக இருந்தாலும் குற்றம் குற்றமே. ஆக, பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. இருந்தே இருக்க வேண்டியதில்லை. மோசடியைப் பொதுவாக வரையறுக்கும் 415ஆம் பிரிவு உடல், மனம், நற்பெயர், சொத்து ஆகியவற்றுக்கு நேரும் கேட்டைப் பேசுகிறது. அந்தக் கேடு ஏமாற்றப்பட்டவருக்கு நேர்வதாக இருக்க வேண்டும். கூர்மையாக எழுதப்பட்ட சட்டம் இது. அந்தக் கூர்மையிலேயே பெயருக்கு உரியவர் முழுவதுமாக வெளியே தள்ளப்பட்டார். 1871இல் மலாயா நீரிணைக் குடியேற்றங்களுக்கும் 1883இல் இலங்கைக்கும் தண்டனைச் சட்டம் எழுதப்பட்டபோது இந்தியச் சட்டமே முன்மாதிரி ஆனதால், தமிழர்கள் வாழ்ந்த நாடுகள் பலவற்றுக்கும் இதே பார்வை போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்து விழித்துக்கொள்ள ஒரு பெரும் வழக்கு தேவைப்பட்டது. டிச்போர்ன் என்ற செல்வக் குடும்பத்தின் வாரிசான ரோஜர், 1854இல் கப்பலோடு காணாமல் போனார். மகன் இறந்ததைத் தாய் நம்பவில்லை. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் வரை விளம்பரம் கொடுத்தார். 1866இல் வாகா வாகா என்ற ஊரில் இறைச்சிக் கடை நடத்திய ஒருவர் நான்தான் ரோஜர் என்று கிளம்பி வந்தார். ரோஜர் பிரான்சில் வளர்ந்து பிரெஞ்சு பேசியவர். வந்தவருக்குப் பிரெஞ்சு வராது. ரோஜரின் கையில் பச்சை குத்தியிருந்தது. இவர் கையில் இல்லை. இருந்தும் தாய் அவரை ஏற்றுக்கொண்டார். சொத்து கேட்டு அவர் தொடுத்த உரிமை வழக்கு 1872இல் தோற்றது. அடுத்த குற்றவியல் விசாரணை 188 நாள் நடந்து 1874இல் முடிந்தது. லண்டன் வாப்பிங் பகுதியின் ஆர்தர் ஆர்ட்டன் என்று முடிவுசெய்யப்பட்ட அவருக்கு 14 ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. ஆனால் அவர் மேல் நிறுவப்பட்ட குற்றம் பொய்ச்சாட்சியம். ஆண்டுக்கணக்கில் வேறொருவராக வாழ்ந்து சொத்து கேட்டதைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. அந்த ஆண்டே நாடாளுமன்றம் ஆள்மாறாட்டச் சட்டம் ஒன்றை அவசரமாக இயற்றி, பிறர் சொத்தைப் பறிக்கும் எண்ணத்தோடு ஆள்மாறுவதற்கு ஆயுள் வரை தண்டனை வைத்தது. இந்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சட்டம் குற்றத்தை வரையறுத்துவிட்டது. ஆனால் எதிரே நிற்பவர் இன்னார் என்று நிரூபிக்கும் கருவி அதனிடம் இல்லை. அந்தக் கருவி வங்காளத்தின் அரசு அலுவலகங்களில் பிறந்தது. 1858 ஜூலையில் ஜங்கிபூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குக் கப்பி தருவதற்கு ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரருடன் உடன்படிக்கை எழுதினார். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, உடன்படிக்கையின் பின்புறம் கையை முழுதாகப் பதிய வைத்தார். போட்ட கையெழுத்தை என்னுடையதல்ல என்று பின்னால் மறுக்காமல் இருக்க ஒரு பயமுறுத்தல், அவ்வளவுதான் அப்போதைய நோக்கம். பிறகு அவர் தம் விரல்களையும் தெரிந்தவர்களின் விரல்களையும் பல ஆண்டுகள் பதிந்து பார்த்து, ரேகை மாறுவதில்லை என்று கண்டார்.

1877இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது ஹெர்ஷல் இதை மூன்று இடங்களில் நடைமுறைப்படுத்தினார். ஓய்வூதியம் வாங்குமிடத்தில், இறந்தவர் பெயரில் உறவினர் பணம் வாங்குவதைத் தடுக்க. பத்திரப் பதிவில், எழுதிக்கொடுத்தவர் பின்னால் மறுப்பதைத் தடுக்க. சிறையில், தண்டனை பெற்றவருக்குப் பதில் கூலிக்கு ஆள் போவதைத் தடுக்க. மூன்றும் ஆள்மாறாட்டம் நடக்கும் இடங்கள். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் கருவியாகவே விரல்ரேகை இன்று எண்ணப்படுகிறது. அது தொடங்கியது ஓய்வூதியப் பட்டியலிலும் கிரயப் பத்திரத்திலும்தான். பல்லாயிரம் ரேகைகளுக்கு நடுவே ஒன்றைத் தேடி எடுக்கும் வழி பின்னரே வந்தது. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் பணியாற்றிய அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் ஆகிய இருவரும் ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரித்து அடுக்கும் முறையை உருவாக்கினர். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. 1899இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, ரேகை நிபுணரின் கருத்தை நீதிமன்றம் ஏற்க வழி பிறந்தது. ஹக்குக்கு கான் பகதூர், போஸுக்கு ராய் பகதூர் என்று பட்டங்கள் கிடைத்தன. முறைக்கு மட்டும் ஹென்றியின் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. கணக்கைப் போட்டவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெயர் அது.

ரேகை இல்லாமல் நடந்த அடையாள வழக்கு எவ்வளவு நீளும் என்பதற்கு டாக்கா அருகே பாவால் ஜமீன் சாட்சி. அந்த ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாக அறிவிக்கப்பட்டார். 1921இல், டாக்காவுக்கு வந்திருந்த ஒரு சந்நியாசி தாமே குமாரர் என்றார். 1930இல் தொடுக்கப்பட்ட வழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். ஆயுள் காப்பீட்டுக்காக முன்பு எடுத்த மருத்துவ அறிக்கையின் அங்க அடையாளங்களும் ஒப்பிடப்பட்டன. 1936இல் நீதிபதி பன்னாலால் பாசு சந்நியாசியே குமாரர் என்றார். 1940இல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் 1946 ஜூலையில் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தன. வென்ற சில நாள்களில் அவர் இறந்தார்.

தமிழ்நாட்டில் ஆள்மாறாட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நிலம். சார்பதிவாளர் முன் ஒருவர் நின்று, இந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தது நான்தான் என்கிறார். அவரைத் தெரியும் என்று இருவர் கையெழுத்திடுகின்றனர். இடது பெருவிரல் ரேகை வாங்கப்படுகிறது. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இங்கே இல்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவரும் ரேகை வைத்தாக வேண்டும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பார்க்க வேண்டியது, வந்து நிற்பவர் பத்திரத்தில் சொல்லப்பட்ட ஆள்தானா என்பதை. நிலம் அவருடையதுதானா என்று ஆராயும் பொறுப்பை அந்தச் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை. மோசடி நுழையும் சந்து அதுதான். வெளியூரில் இருப்பவர், வெளிநாடு போனவர், இறந்து வாரிசு வராதவர் ஆகியோரின் மனைகள் குறிவைக்கப்படுகின்றன. அதே பெயரும் அதே தந்தை பெயரும் கொண்ட இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்திப் பவர் பத்திரம் எழுதினால், காகிதத்தில் எல்லாம் பொருந்திவிடும். 1860ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன, பெயர் ஒத்த வங்கியாளரின் கதை இங்கே நிலத்தில் நடக்கிறது.

இந்தக் குற்றத்துக்குப் பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை சிறை வைத்தது. பொதுச் சட்டத்தின் மூன்று ஆண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2001இல் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவு, எழுதிக்கொடுப்பவர் புகைப்படம் ஒட்டி ரேகை வைக்க வேண்டும் என்றது. சொத்துரிமை மாற்றப் பத்திரமானால் வாங்குபவரும் அவ்வாறே செய்ய வேண்டும். இவ்வளவு இருந்தும் உண்மையான உரிமையாளரின் சங்கடம் தீரவில்லை. ஆள்மாறியவர் சிறைக்குப் போனாலும் பத்திரம் பதிவேட்டில் அப்படியே நிற்கும். வில்லங்கச் சான்று எடுத்தால் அந்தப் பதிவு வரும். வங்கி கடன் தராது, வாங்க வந்தவர் திரும்பிப் போவார். பத்திரத்தை ரத்துசெய்ய உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழியாகத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் 77-ஏ என்ற திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, போலிப் பதிவை ரத்துசெய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு அளித்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. உரிமையை முடிவுசெய்வது நீதிமன்றத்தின் வேலை என்ற வாதம் வலுவானதே. ஆனாலும் பெயரையும் நிலத்தையும் சேர்த்து இழந்தவர் மீண்டும் நீதிமன்ற வாசலுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்.

கள்ள ஓட்டு இன்னொரு கிளை. 1920இல் தண்டனைச் சட்டத்தில் தேர்தல் குற்றங்கள் சேர்க்கப்பட்டபோது, பிறர் பெயரில் வாக்களிப்பதும் ஒரே தேர்தலில் இரண்டாம் முறை தம் பெயரிலேயே வாக்களிப்பதும் ஆள்மாறாட்டம் என்றே வரையறுக்கப்பட்டன. 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூர் அரசு நிறுவனத்தின் அழியாத மை விரலில் ஏறியது. 1993இல் புகைப்பட வாக்காளர் அட்டை வந்தது. பெயருக்கு உரியவரைச் சட்டம் ஓரளவு முன்கூட்டியே நினைத்துப் பார்த்த இடம் இது. தம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டார் என்று வருபவருக்கு வாக்குச்சீட்டு கொடுத்து, வாக்கைத் தனி உறையில் வாங்கி வைக்கும் ஏற்பாடு தேர்தல் விதிகளில் உண்டு. வாக்குப்பதிவு இயந்திரத்துக்கான 49-பி விதி 2018இல் வெளிவந்த ‘சர்கார்’ திரைப்படத்தால் தமிழகத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த எண்ணாயிற்று. ஆனால் அந்த உறைக்குள் இருக்கும் வாக்கு வழக்கமான எண்ணிக்கையில் சேராது. தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அது திறக்கும்.

அடையாளம் பெயரிலிருந்து எண்ணுக்கு மாறியபோது குற்றத்தின் தன்மையும் மாறியது. அமெரிக்கா 1936இல் சமூகப் பாதுகாப்பு எண்களைக் கொடுக்கத் தொடங்கியது. 1938இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு பர்ஸ் தயாரிப்பு நிறுவனம், அட்டை வைக்கும் இடம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒவ்வொரு பர்ஸிலும் ஒரு மாதிரி அட்டையைச் செருகியது. அட்டை உண்மையானதைவிடப் பாதி அளவு; சிவப்பு மையில் அச்சானது; ‘மாதிரி’ என்று குறுக்கே போட்டிருந்தது. அதில் அச்சிட்ட எண் மட்டும் அந்த நிறுவனத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் உண்மையான எண். வுல்வொர்த் கடைகளில் பர்ஸை வாங்கிய பலர் அதையே தம் எண்ணாக எழுதிக்கொடுத்தனர். 1943இல் ஒரே நேரத்தில் 5,755 பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். காலப்போக்கில் அந்தத் தொகை 40,000ஐத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு வேறு எண் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏமாற்றும் எண்ணமே இல்லாமல்கூட ஒருவர் தம் அடையாளத்தை இழக்கலாம் என்பதைக் காட்டிய முதல் பெரிய நிகழ்ச்சி அது. சட்டம் அதைக் குற்றமாகப் பார்க்கவும் இல்லை, பார்க்க அதற்குச் சொல்லும் இல்லை.

பிறகு அந்த எண்ணே வங்கிக் கணக்குக்கும் கடன் அட்டைக்கும் திறவுகோலானது. ஒருவரின் எண்ணைக் கொண்டு இன்னொருவர் கடன் வாங்கினால், 1990கள் வரை அமெரிக்கச் சட்டத்தில் பாதிக்கப்பட்டது வங்கி. கடன் வரலாறு நாசமாகி வீட்டுக் கடனோ வேலையோ கிடைக்காமல் அலைந்தவருக்குப் புகார் கொடுக்கும் நிலையே இல்லை. 1982இல் வந்த கூட்டாட்சிச் சட்டமும் போலி அட்டைகளைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும்தான் தண்டித்தது. அட்டையே இல்லாமல் எண்ணை மட்டும் தொலைபேசியில் சொல்லி வாங்குவது அதில் அடங்கவில்லை. 1996இல் அரிசோனா மாநிலம் முதலில் தனிக் குற்றமாக்கியது. 1998 அக்டோபர் 30 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், இன்னொருவரின் அடையாள விவரத்தைக் குற்றச் செயலுக்காக அதிகாரமின்றிப் பிறருக்குக் கொடுப்பதும் பயன்படுத்துவதும் தம்மளவிலேயே குற்றம் என்றது. விவரத்துக்கு உரியவர் அன்றுதான் பாதிக்கப்பட்டவர் ஆனார். அவர்களின் புகார்களைப் பெறும் பொறுப்பு கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு வந்தது.

வரையறை எழுதியதும் அதன் எல்லை எங்கே என்ற சிக்கல் தொடங்கியது. 2004இல் கடும் அடையாளத் திருட்டு என்ற பிரிவு சேர்ந்து, கட்டாயமாக இரண்டு ஆண்டு கூடுதல் சிறை வந்தது. இல்லினாய்ஸ் மாநில உருக்காலை ஒன்றில் வேலை பார்த்த மெக்சிகோ தொழிலாளி, வேலைக்காகத் தம் சொந்தப் பெயரிலேயே போலி அட்டைகள் வாங்கினார். அதிலிருந்த எண் வேறொருவருடையதாக இருந்தது. அது நிஜ மனிதர் ஒருவரின் எண் என்று தெரிந்தே பயன்படுத்தினால்தான் இந்தக் குற்றம் ஆகும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பாவனை செய்யப்பட்டவர் கற்பனையாக இருந்தாலும் பரவாயில்லை என்ற 1860ஆம் ஆண்டு நிலைக்கு இது நேர் எதிர். 2023இல் அதே நீதிமன்றம் மேலும் ஒரு வரம்பு வைத்தது. நோயாளியின் பெயரில் அனுப்பிய பில்லில் தொகையைக் கூட்டி எழுதுவது மோசடிதான்; ஆனால் அடையாளத்தைப் பயன்படுத்தியது குற்றத்தின் மையத்தில் இல்லாதபோது அதை அடையாளத் திருட்டு என்று சொல்ல முடியாது என்றது. சட்டம் அகலமாக எழுதப்பட்டால் ஒவ்வொரு பில் மோசடியும் அடையாளத் திருட்டாகிவிடும் என்ற கவலை நியாயமானது.

மற்ற நாடுகள் வேறு வேறு வழிகளில் போயின. ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2007இல் அளித்த அறிக்கை, விவரங்களை எடுப்பதை அடையாளத் திருட்டு என்றும், எடுத்ததைக் கொண்டு ஏமாற்றுவதை அடையாள மோசடி என்றும் பிரித்து, இரண்டையும் சேர்த்து அடையாளக் குற்றம் என்றது. கனடா 2010இல் அந்தப் பிரிவினையை அப்படியே சட்டமாக்கியது. குற்ற நோக்கோடு பிறர் விவரங்களை வைத்திருப்பதே அங்கே குற்றம். பிரான்ஸ் 2011இல் பணத்தை விட்டு, ஒருவருடைய நிம்மதியையும் மதிப்பையும் கெடுக்கும் நோக்கத்தோடு அவர் அடையாளத்தை அபகரிப்பதைத் தண்டித்தது. இந்த வரையறைகளில் பெயருக்கு உரியவரின் மனத்தை நேராகத் தொடுவது இது ஒன்றே. பிரிட்டன் இன்னும் தனிக் குற்றம் வகுக்கவில்லை. 2006 மோசடிச் சட்டத்தையே பயன்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 2003இல் தொடங்கியதை 2011இல் நாடாளுமன்றம் நாடு முழுதுக்கும் விரித்தது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: இன்னாருடைய அடையாளம் இன்னவாறு தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று நீதித்துறை நடுவர் சான்றிதழ் கொடுக்கலாம். அதைக் காட்டி அவர் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் தம் பெயரைச் சரிசெய்துகொள்ள முயலலாம்.

இந்தியா 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி, 2009 அக்டோபர் 27 முதல் இரண்டு பிரிவுகளைக் கொண்டுவந்தது. 66சி, இன்னொருவரின் மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல், அல்லது வேறு தனித்த அடையாளக் கூறு ஆகியவற்றை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது. 66டி, கணினி அல்லது தொடர்புச் சாதனம் வழியாக ஆள்மாறி ஏமாற்றுவது. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 66டி பழைய 416இன் கணினிப் பிள்ளை. ஏமாந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். 66சிக்கு ஏமாந்தவர் தேவையில்லை. விவரத்துக்கு உரியவர் போதும். ஓடிபியைப் பிடுங்கிக் கணக்கைத் திறந்தாலே அந்தக் குற்றம் நிறைவேறிவிடுகிறது. ஆனால் கனடாவில்போல விவரங்களைச் சேர்த்துக் குவித்து வைப்பது இந்தப் பிரிவுக்குள் வராது, பயன்படுத்தினால்தான் வரும். வெறும் பெயரும் புகைப்படமும் தனித்த அடையாளக் கூறு ஆகுமா என்பதையும் சட்டம் விரித்துச் சொல்லவில்லை.

2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தில் இந்தப் பழைய கேள்வி மிகத் தெளிவாக வெளிவந்தது. அதன் 34ஆம் பிரிவு, இறந்தவரோ உயிருள்ளவரோ, மெய்யானவரோ கற்பனையானவரோ, எவராக ஆள்மாறிப் பொய் விவரம் கொடுத்தாலும் தண்டனை என்றது. வாசகமே மெக்காலே காலத்து வாடை. ஆனால் 47ஆம் பிரிவின்படி, ஆதார் ஆணையமோ அது அதிகாரம் அளித்தவரோ புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும். கோடிக்கணக்கானோரின் ரேகையும் கருவிழியும் சேர்ந்த இடத்தில், அந்த ரேகைக்கு உரியவர் நேராக நீதிமன்றத்துக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தித் தனிமனிதரும் புகார் கொடுக்க வழிசெய்ய வேண்டும் என்றது. 2019 திருத்தம், ஆள்மாறாட்டம் உள்ளிட்ட சில குற்றங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. மார்ட்டின் கெர் மரக்காலோடு நீதிமன்றத்துக்கு வந்த காலத்திலிருந்து பெயருக்கு உரியவர் கேட்டுவந்த இடம் அது. ஒரு வரித் திருத்தமானாலும் இந்த வரலாற்றில் மிகப் பெரியது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா பிடித்தது. அதன் 319ஆம் பிரிவு 416இன் வாசகத்தையும் பணக்கார வங்கியாளர் எடுத்துக்காட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு, தண்டனையை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தியது. 2023இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஆள்மாறி சிம் வாங்குவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வைத்தது. ஆஸ்திரேலியாவில் உள்ளது போன்ற சான்றிதழ் மட்டும் இந்தியச் சட்டங்கள் எதிலும் இல்லை. ஒருவருடைய பான் எண்ணைக் கொண்டு வேறொருவர் கடன் வாங்கினால், குற்ற வழக்கு ஒருபுறம் நடக்கும். கடன் தகவல் நிறுவனத்திலும் கடன் கொடுத்த வங்கியிலும் பிழையைத் திருத்தக் கேட்டு அவர் தனியே மனு கொடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவுப்படி, அந்த மனு 30 நாளில் தீராவிட்டால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு அவருக்குச் சேரும்.